நீலகிரியில் வண்டியை வெளியே நிறுத்துபவர்களுக்கு: கன்வெர்ட்டர் திருட்டைத் தடுக்கும் வழிகள்

இந்தப் பதிவு எல்லா வண்டிக்காரர்களுக்கும் தேவைப்படாது. பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பாதியில் மூடிவிட்டுப் போகலாம். எந்த இடத்தில் மூடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாருதி ஈகோ, அதேபோல வண்டிக்கு அடியில் சைலன்சர் குழாயோடு சேர்ந்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தொங்கும் வேன், சின்ன சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள்தான் கடைசி வரை படிக்க வேண்டியவர்கள்.

கன்வெர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு போலத் துளைகள் நிறைந்த ஒரு செராமிக் கட்டி. சில வண்டிகளில் செராமிக்குக்குப் பதில் மெல்லிய உலோகத் தகடு. அதன்மேல் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் என மூன்று உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். எடை சில கிராம்தான். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவது அந்தப் பூச்சு. 2021-இல் உலகச் சந்தையில் ரோடியம் ஒரு அவுன்ஸ் 25,000 டாலரைத் தாண்டியது. பிறகு விலை விழுந்தாலும், இதில் காசு இருக்கிறது என்ற செய்தி பழைய இரும்புக் கடை வரை போய்விட்டது. குஜராத், மகாராஷ்டிரா பக்கம் ஈகோ சைலன்சர்கள் வரிசையாகக் காணாமல் போனது அந்த ஆண்டுகளில்தான். அங்கே இன்னொரு தந்திரமும் நடந்தது. உள்ளே இருக்கும் கட்டியை மட்டும் உதிர்த்து எடுத்துக்கொண்டு, வெற்றுக் கூட்டைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். இந்த வகைத் திருட்டு பல நாள் கண்ணில் படாது.

சமவெளிக்காரர்களுக்கு எழுதப்பட்ட யோசனைகளை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் சிலது வேலை செய்யாது, சிலது ஆபத்தாகவே முடியும். இங்கே வீடு ரோட்டுக்குக் கீழே இருக்கும், வண்டி மேலே நிற்கும். ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், ரோடு முடியும் இடத்தில் பத்து வண்டி வரிசையாக நிற்கும். எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் அதே கதைதான். வாசலில் நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் வசதி ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் பாதிப் பேருக்குக் கிடையாது. பனிமூட்டம், சரிவு, காட்டுமாடு, காய்ந்த சருகு என்று நான்கு விஷயங்கள் கூடுதலாகச் சேரும். அவற்றை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் எடைபோட வேண்டும்.

முதலில் உங்கள் வண்டியைப் பாருங்கள்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஓட்டி நிறுத்தி இரண்டு மணி நேரமாவது ஆகட்டும். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்து, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். ஜாக்கி போட்டு அடியில் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. போனில் டார்ச்சைப் போட்டு வீடியோ ஓடவிட்டு, ஒரு குச்சியில் கட்டி வண்டிக்கு அடியில் முன்னிருந்து பின்னாகத் தள்ளினால் போதும்.

எஞ்சினிலிருந்து வரும் குழாய் சைலன்சருக்கு முன்னால் ஓரிடத்தில் பருத்திருந்தால் அதுதான் கன்வெர்ட்டர். அதற்கு முன்னும் பின்னும் ஒயர் போகும் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். பருத்த பாகம் அடியில் தெரியாமல், பானட்டைத் திறந்தால் எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டோடு ஒட்டிக்கொண்டு ஹீட் ஷீல்டுக்குள் மறைந்திருந்தால், அதைக் கழற்ற பானட் திறக்க வேண்டும், மேலிருந்தும் கீழிருந்தும் பல போல்ட்டைத் தொட வேண்டும். ரோட்டோரத்தில் இருட்டில் அதைச் செய்ய யாரும் மெனக்கெடமாட்டார்கள். வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, எஞ்சின் பற்றவைத்ததும் சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காகப் பல பெட்ரோல் கார்களில் கன்வெர்ட்டரை இப்படி மேனிபோல்டை ஒட்டியே வைக்கிறார்கள். உங்கள் வண்டி இந்த வகை என்றால் பானட் பூட்டு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, மீதியைப் படிக்காமல் விடலாம்.

டீசல் வண்டிகளில் பி.எஸ்.6-க்குப் பிறகு வடிகட்டியும் கேட்டலிஸ்ட்டும் சேர்ந்த பெரிய டப்பா வருகிறது. கனமானது, தூக்கிப்போகச் சிரமம். ஆனால் மாற்றும் செலவு பெட்ரோல் கன்வெர்ட்டரைவிடப் பல மடங்கு. அடியில் தொங்கும் பிக்கப் என்றால் கீழே சொல்லும் கம்பி வலை வேலை அதற்கும் பொருந்தும்.

பார்த்ததும் அந்த வீடியோவை அழிக்காமல் வைத்திருங்கள். கூட்டின் மேல் பொறித்திருக்கும் எண், வெல்டிங் தையல், துரு இருக்கும் இடம் எல்லாம் பதிவாகியிருக்கும். வெற்றுக் கூட்டை மாட்டிவிட்டார்களா என்ற சந்தேகம் வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் உதவும்.

நிறுத்தும் இடம்

காசு செலவில்லாத வழி இது. என் கணக்கில் பலன் அதிகம் தருவதும் இதுதான்.

மலை ரோட்டுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் மண் வெட்டிய மேடு, மறுபக்கம் பள்ளம். மேட்டுப் பக்கத்தில் பெரும்பாலும் திறந்த வடிகால் ஓடும். அந்த வடிகாலின் மேல் ஒரு பக்கச் சக்கரம் தாண்டி நிற்கும்படி வண்டியை ஒதுக்கி நிறுத்துகிறோம், ரோடு குறுகல் என்பதால். அங்கேதான் வினை. ஈகோவின் தரை இடைவெளி 160 மி.மீ. அதில் ஒரு ஆள் புகுந்து வேலை செய்வது கஷ்டம். ஒன்றரை அடி ஆழ வடிகாலுக்கு மேல் நிறுத்தினால் அவனுக்குப் படுக்கவே இடம் கொடுத்ததாகிவிடும். ரோட்டில் போகிறவர் கண்ணிலும் படமாட்டான்.

பள்ளப் பக்கத்தில் வேறொரு சிக்கல். தடுப்புச்சுவரின் விளிம்பு வரை பின்பக்கத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால், கீழ்த்தட்டில் நிற்பவனுக்கு வண்டியின் அடிப்பாகம் நெஞ்சு உயரத்தில் வந்துவிடும். கீழே தேயிலைப் பாத்தியோ காய்கறித் தோட்டமோ இருந்தால் அங்கிருந்து ஏறி வருவது சுலபம்.

ஆகவே, ஸ்லாப் போட்டு மூடிய வடிகால் உள்ள இடமாகப் பாருங்கள். கன்வெர்ட்டர் வண்டியின் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தைச் சுவரை ஒட்டி, ஒரு சாண் இடைவெளிக்குள் நிறுத்துங்கள். அந்தப் பக்கம் கதவு திறக்க முடியாது. மறுபக்கம் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். நடைபாதைக் கல்லின் மேல் இரண்டு சக்கரம் ஏற்றி நிறுத்தும் பழக்கத்தை விட வேண்டும், ஒரு பக்கம் தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகும். பல வண்டிகள் சேர்ந்து நிற்கும் இடத்தில் தாழ்ந்த கார்களை ஓரங்களிலும், ஈகோ போன்றவற்றை நடுவிலும் நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்டாண்டு ஆட்கள் ஒத்துக்கொண்டால் ஒரே நாளில் நடக்கிற காரியம்.

ஒன்றை மறக்கக்கூடாது. மேட்டுப் பக்கம் திருடனுக்கு எதிராக நல்லதுதான், மழைக்கு எதிராக இல்லை. நீலகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் மண் எப்படிச் சரிந்தது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. தடுப்புச்சுவர் இல்லாத வெறும் மண் வெட்டுக்கு அடியில் மழைக்காலத்தில் வண்டியை ஒட்டி நிறுத்தாதீர்கள். கன்வெர்ட்டர் போனால் புதிது மாட்டிக்கொள்ளலாம்.

சரிவில் நிறுத்தும்போது மேல்நோக்கி நின்றால் முதல் கியர், கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ். முன்சக்கரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் கல் வைக்கப் பலருக்குப் பழக்கம் உண்டு. இரவு முழுக்க நிற்கும் வண்டிக்கு அதோடு மேல்பக்கமும் ஒரு கல் வையுங்கள். யாராவது ஜாக்கி போட்டுத் தூக்கப் பார்த்தால் வண்டி நகர்ந்து கீழ்வீட்டுக் கூரையில் போய் விழக்கூடாது என்பதற்காகத்தான் இது. திருட வந்தவனை நினைத்துச் செய்வதல்ல, கீழே தூங்குகிறவர்களை நினைத்து.

நட்டு போல்ட்

சைலன்சர் செட்டைக் கழற்ற வேண்டியது இரண்டு பிளேஞ்ச் இணைப்பும் (குழாய் முனைகளை நட்டு போட்டுச் சேர்க்கும் தட்டு) சில ரப்பர் ஹேங்கர்களும்தான். நட்டு பெரும்பாலும் எம்8 அல்லது எம்10. ஸ்பேனர் சத்தமே போடாது. வெட்டும் கருவியோ தெருவையே எழுப்பிவிடும். நாம் செய்கிற எல்லாமே ஸ்பேனரில் முடிகிற வேலையை வெட்டினால்தான் முடியும் என்ற நிலைக்குத் தள்ளுவதற்காகத்தான். வெட்டவே முடியாதபடி எதையும் செய்துவிட முடியாது.

ஷியர் நட்டு என்று ஒரு வகை உண்டு. குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் அறுகோணத் தலை முறிந்து விழுந்துவிடும், மீதி வழுக்கையான கூம்பு மட்டும் நிற்கும். ஸ்பேனர் பிடிக்காது. இதைப் போடும்போது இரண்டு தவறு நடக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் (தலையில்லாத மரைக் கம்பி) ஸ்டெயின்லெஸ் நட்டை வறட்சியாக இறுக்கினால் பாதியிலேயே மரை ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். பிளேஞ்ச் இறுகுவதற்கு முன்பே தலை முறியும், இடையில் வைக்கும் கேஸ்கெட் வழியாகப் புகை கசியும். மரையில் நிக்கல் கலந்த ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் லேசாகத் தடவிவிட்டு மாட்ட வேண்டும். இரண்டாவது, பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடுவது. பிறகு கசிந்தால் வழுக்கை நட்டைக் கழற்ற முடியாமல் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கேஸ்கெட் புதிதாகவே இருக்கட்டும்.

ஷியர் நட்டு கிடைக்காவிட்டால் நம் பட்டறை வழி: நட்டை இறுக்கிவிட்டு, நட்டும் ஸ்டட்டும் சேரும் இடத்தில் ஒரு சின்ன டாக், அதாவது பொட்டு வெல்டிங், அடிப்பது. 5 மி.மீ. நீளம் போதும். சுற்றிலும் முழு வெல்டிங் வேண்டாம். நாளைக்கு நீங்களே கழற்ற வேண்டிவரும்போது கிரைண்டரால் ஒரு நொடியில் தேய்த்து எடுக்கிற அளவில் இருக்க வேண்டும்.

எந்த இணைப்பில் டாக் அடிக்கக்கூடாது என்பதைக் கவனியுங்கள். சில வண்டிகளில் ஒரு பிளேஞ்சுக்கு ஸ்பிரிங் போட்ட போல்ட் இருக்கும், நடுவில் வட்டமான தடித்த கேஸ்கெட். எஞ்சின் ஆடும்போது குழாய் வளைந்துகொடுப்பதற்காக வைத்த மூட்டு அது. அந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு சாதா நட்டால் இறுக்கினாலோ, வெல்டிங் வைத்து அசையாமல் செய்தாலோ சில மாதத்தில் மேனிபோல்ட் பக்கம் விரிசல் விடும். கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் எஞ்சின் குலுங்கும் ஊரில் இன்னும் சீக்கிரம் விடும். அந்த மூட்டை அப்படியே விட்டுவிட்டு மற்ற பிளேஞ்சை மட்டும் பாருங்கள்.

வெல்டிங் மெஷினைத் தொடும் முன் பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் குழாயிலேயே, பக்கத்தில் கவ்வ வேண்டும். பம்பரில் கவ்வினால் மின்சாரம் சென்சார் ஒயர் வழியாகத் திரும்பி, எஞ்சினை இயக்கும் கணினியான ஈ.சி.எம். கெட்டுப்போகலாம். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் பக்கத்தில் இருந்தால் ஈரச் சாக்கு மறைப்பாக வேண்டும். சி.என்.ஜி. வண்டியில் இந்த வேலையைத் தெருவோரப் பட்டறையில் செய்யவே கூடாது. சி.என்.ஜி. வேலைக்கு அங்கீகாரம் பெற்ற இடத்தில் மட்டும் செய்யுங்கள். வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு வெல்டிங்கே வேண்டாம், கம்பி வலையும் குறியிடலும் போதும்.

கம்பி வலையும் தகடும்

கம்பி வலைக்கு என் தேர்வு இரும்புக் கயிறு. 8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் வயர் ரோப், நாலு மீட்டர். சேசிஸ் குறுக்குச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளில் கோத்து, கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் குழாயைச் சுற்றி எட்டு வடிவில் இரண்டு சுற்று. முனைகளை ஃபெரூல் என்னும் உலோக வளையம் வைத்து அழுத்தி மூட வேண்டும். யூ-கிளாம்ப் போட்டு நட்டு வைத்து மூடுகிறார்கள். அதே ஸ்பேனரால் கழன்றுவிடும் என்றால் கயிறு எதற்கு? கிளாம்ப் தவிர வழியில்லை என்றால் நட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் மரையைச் சுத்தியலால் தட்டி நசுக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட கயிறு வேண்டாம். சூட்டில் உருகி ஊற்றி, ஒரு வாரம் வண்டிக்குள் நாற்றம் போகாது.

கயிற்றை இறுக்கிக் கட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. சைலன்சர் ரப்பரில் தொங்குவது ஆடுவதற்காக. போதாக்குறைக்குச் சூடு ஏறினால் இரும்புக் குழாய் நீளும். ஒரு மீட்டர் குழாய் 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 மி.மீ. கல்லாறு தாண்டி குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவும் இரண்டாவது கியரில் ஏறி வந்த வண்டியின் கன்வெர்ட்டர் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும். கயிறு இறுக்கமாக இருந்தால் இழுவிசை முழுக்க மேனிபோல்ட் ஸ்டட்டில் போய் விழும், ஸ்டட் முறியும். எல்லாப் பக்கமும் ஒரு விரல் நுழையும் தளர்வு விடுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால், உரசும் இடத்தில் கண்ணாடி நார் டேப் இரண்டு சுற்று சுற்றினால் அடங்கும்.

கயிற்றுக்குப் பதில் 12 மி.மீ. கட்டுமானக் கம்பியை வளைத்துக் கூண்டு செய்பவர்களும் உண்டு. மீட்டருக்கு 0.89 கிலோ எடை, மூன்று மீட்டர் பிடிக்கும். அறுப்பதற்குக் கயிற்றைவிடக் கஷ்டம், விலையும் மலிவு. ஆனால் கம்பியைச் சேசிஸில் மட்டும் கட்ட வேண்டும், குழாயில் அல்ல. குழாயையும் சேசிஸையும் கம்பியால் சேர்த்து வெல்டிங் வைத்தால் மேலே சொன்ன அதே முறிவுதான்.

தகடு போடச் சொல்லும் கடைக்காரர்களிடம் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 40-க்கு 60 செ.மீ. அளவில் 3 மி.மீ. இரும்புத் தகடு 5.6 கிலோ வரும், அதே அளவு அலுமினியம் 2 கிலோவுக்குள். பார்க்கக் கெட்டியாகத் தெரியும். மலையில் அதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று ரோடு. எஸ்டேட் பாதையில் கல் இடித்துத் தகடு மேல்நோக்கி வளைந்து கன்வெர்ட்டரைத் தொட்டால் செராமிக் கட்டி நொறுங்கலாம். திருடன் செய்யாததை நாமே செய்த கதை. இன்னொன்று சருகு. சில்வர் ஓக், கற்பூர மர இலைகள் தகட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவில் போய்ச் சேரும். ஜனவரி முதல் மார்ச் வரை அவை மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். ஏற்றம் ஏறி வந்து நிறுத்திய வண்டிக்கு அடியில் புகை கிளம்ப வேறெதுவும் வேண்டாம். தகடுதான் வேண்டும் என்றால் கன்வெர்ட்டருக்கும் தகட்டுக்கும் குறைந்தது ஒரு அங்குல இடைவெளி, காற்றுப் போக நீள்துளைகள், கோடையில் வாரம் ஒருமுறை குச்சி விட்டுச் சருகைத் தள்ளுதல் மூன்றும் கட்டாயம். சேசிஸில் புது ஓட்டை போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் ஓட்டை விளிம்புக்கு ஜிங்க் பிரைமர் அடிக்காமல் விட்டால் கூடலூர், பந்தலூர் மழைக்கு இரண்டே வருடத்தில் துரு பூத்துவிடும்.

தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், காய்ந்த புல்லின் மேல் சூடான வண்டியை நிறுத்தக் கூடாது. திருட்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான். ஆனால் வண்டியை ஒதுக்குப்புறமாக, மறைவாக நிறுத்தத் தொடங்கும்போது புல்தரையில் போய் நிற்பது தானாக நடக்கும்.

குறியிடுவது

பதிவு எண்ணையும் சேசிஸ் எண்ணின் கடைசி எட்டு எழுத்துகளையும் கன்வெர்ட்டர் கூட்டின் மேல் இரண்டு இடத்தில் பொறியுங்கள். ஒன்று கண்ணில் படும் இடம், இன்னொன்று மேல்பக்கம் மறைவாக. சுத்தியலும் எழுத்து அச்சும் வைத்து அடிக்கக் கூடாது. கூடு மெல்லிய ஸ்டெயின்லெஸ். உள்ளே இருக்கும் செராமிக் அடி தாங்காது, கண்ணுக்குத் தெரியாமல் விரிந்து, பிறகு துண்டு துண்டாகச் சைலன்சருக்குள் போய் அடைக்கும். வண்டி ஏற்றத்தில் இழுக்காமல் போவது அதன் முதல் அறிகுறி. மின்சார எழுத்துப்பொறியால் மேலோட்டமாகக் கீறினால் போதும்.

கீறியதன் மேல் 650 டிகிரி தாங்கும் சிலிகான் பெயின்ட், கண்ணைப் பறிக்கும் நிறத்தில். கூடு முழுக்க ஆறியிருக்க வேண்டும், கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, தின்னரால் துடைத்து, மெல்லிய இரண்டு பூச்சு. எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு, திரும்ப ஓடவிட்டால்தான் பெயின்ட் சுட்டுக் கெட்டிப்படும். நேராக ஓட்டிப்போனால் உரிந்துவிடும். இந்தப் பூச்சு யாரையும் தடுத்து நிறுத்தாது. குனிந்து டார்ச் அடிக்கிறவன் பக்கத்து வண்டிக்குப் போவான். கிடைத்தால் உங்களுடையது என்று நிரூபிக்கவும் உதவும்.

அலாரம், கேமரா

சாதாரண சென்ட்ரல் லாக் அலாரத்தில் இருப்பது அதிர்வு சென்சார். ஜாக்கியால் மெதுவாகத் தூக்கினால் அது கத்தாது, சாய்வு சென்சார் தனியாக வேண்டும். இங்கே அதிர்வு சென்சாருக்கு வேறொரு வாடிக்கையாளர் உண்டு. கோத்தகிரி, குன்னூர் பக்கம் இரவில் காட்டுமாடு வந்து வண்டியில் உடம்பை உரசும். நாலு நாள் அலாரம் கத்தினால் அஞ்சாவது நாள் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள், திறக்கவும் கூடாது. அதிர்வு சென்சாரின் உணர்திறனைக் குறைத்து, சாய்வு சென்சாரை மட்டும் நம்புங்கள். அலாரம் கேட்டால் முதலில் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே படுத்திருப்பவன் ஆளா, பக்கத்தில் நிற்பது மாடா கரடியா என்று தெரியாமல் இருட்டில் இறங்கி ஓடுவது புத்திசாலித்தனம் அல்ல.

பேட்டரியையும் கணக்கில் வையுங்கள். 50 மில்லி ஆம்பியர் இழுக்கும் அலாரம் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் தின்னும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இரண்டு வாரத்தில் பாதி காலி. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் பேட்டரியின் கொள்ளளவே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டாத வண்டிக்கு இந்த அலாரம் காலையில் தள்ளு வண்டியைத்தான் மிச்சம் வைக்கும். ஜி.பி.எஸ். டிராக்கர் கன்வெர்ட்டர் திருட்டுக்கு எந்த விதத்திலும் உதவாது. வண்டி அங்கேயேதானே நிற்கிறது.

கேமராவுக்குப் பனிமூட்டம்தான் எதிரி. கேமராவிலேயே இருக்கும் இன்ஃப்ராரெட் விளக்கு பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும். உள்விளக்கை அணைத்துவிட்டு, தனி விளக்கைக் கேமராவிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில், தாழ்வாக வையுங்கள். வெளிச்சம் வண்டியின் அடிப்பாகத்தில் விழ வேண்டும், கூரையில் அல்ல. கேமராவின் உயரமும் அப்படித்தான். மாடியில் மாட்டினால் வண்டிக்கூரை தெரியும், கீழே படுத்திருப்பவன் தெரியமாட்டான். முழங்கால் உயரத்தில் ஒன்று போதும். மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே வாடிக்கை என்பதால், ரௌட்டருக்கும் கேமராவுக்கும் சின்ன யூ.பி.எஸ்., பதிவுக்கு மெமரி கார்டு. இன்டர்நெட்டில் சேமிக்கிற கேமரா மட்டும் வைத்திருந்தால் புயல் இரவில் ஒன்றும் இருக்காது.

பட்டறை, லாட்ஜ், டிரைவர்

கூட்டை மாற்றிவிடும் திருட்டுக்கு இரவு வேண்டியதில்லை. வண்டி மூன்று நாள் கையை விட்டுப் போகும் எந்த இடத்திலும் நடக்கலாம். வாடகைக்குக் கொடுக்கும்போதும், பெயின்டிங்குக்கு விடும்போதும் அடிப்பாகத்தை வீடியோ எடுத்துக்கொள்வதில் யாரும் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. திரும்ப வாங்கியதும் இன்னொரு வீடியோ. எஞ்சின் சத்தம் லேசாகக் கூடியிருந்தாலோ, செக் எஞ்சின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 என்ற குறியீடு வந்தாலோ, புகைச் சோதனையில் எண்கள் எகிறியிருந்தாலோ கூட்டைச் சந்தேகப்படுங்கள். பி.எஸ்.4, பி.எஸ்.6 பெட்ரோல் வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.-க்குள் இருக்க வேண்டும். வெற்றுக் கூட்டோடு இதில் தேறுவது கடினம். பி0420 மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், பின் சென்சார் கெட்டாலும் கேஸ்கெட் கசிந்தாலும் அதே குறியீடு வரும்.

சீசனில் மேலே வரும் வேன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பார்க்கிங் இல்லாத லாட்ஜில் அறை எடுத்துவிட்டு வண்டியை ரோட்டோர இருட்டில் விடுவதைவிட, நூறு ரூபாய் கூடுதல் கொடுத்து ஆள் காவல் இருக்கும் இடத்தில் விடுவது மலிவு.

போய்விட்டால்

ஸ்டார்ட் செய்ததும் காது கிழியும் சத்தம் வரும். உடனே அணைத்துவிடுங்கள். அப்படியே மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போய்விடலாம் என்று தோன்றும். வேண்டாம். வெட்டிய குழாய் வாயிலிருந்து சூடான புகை நேராகத் தரைப்பலகையிலும் பிரேக் குழாயிலும் ஒயரிலும் அடிக்கும். குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும். அதற்கு வாசனையே கிடையாது. தொங்கும் சென்சார் ஒயரைச் சக்கரத்தில் சிக்காமல் கட்டிவிட்டு, வேறொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

எதையும் தொடும் முன் போட்டோ எடுங்கள். வெட்டிய முனைகள், ஜாக்கி பதிந்த தடம், கிடக்கும் பிளேடு துண்டு எல்லாம். பிறகு 112 அல்லது காவல் நிலையம். பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303(2). பயணிகளையோ சரக்கையோ ஏற்றும் வண்டியிலிருந்து பொருளைத் திருடினால் 305-ஆவது பிரிவு, ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், நகல் இலவசம். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பினால் மூன்று நாளைக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே சொல்லிவிட்டு, சர்வேயர் பார்க்கும் வரை பழுது பார்க்காதீர்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் ஒன்றும் கிடைக்காது. முழு பாலிசி இருந்தால் உலோகப் பாகத்துக்கு வயதுப்படி தேய்மானம் கழிப்பார்கள்: மூன்றிலிருந்து நாலு வயதுக்குள் 25 சதவீதம், நாலிலிருந்து ஐந்துக்குள் 35, ஐந்திலிருந்து பத்துக்குள் 40, அதற்குமேல் 50. உதாரணமாக, ஆறு வயது வண்டிக்கு 40,000 ரூபாய்ப் பாகம் என்றால் 24,000, அதிலிருந்து 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. கையில் வருவது 23,000. கூலியில் தேய்மானம் பிடிக்கமாட்டார்கள். நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதத்தில் இருப்பவர்கள் அதை இழப்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு கிளெய்ம் செய்யுங்கள்.

மாற்றுப் பாகம் வாங்கும்போது பழைய மார்க்கெட்டில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். யாரோ ஒருவர் வண்டியிலிருந்து அறுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். தெரிந்து வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு உங்கள்மேல் பாயும். இல்லாவிட்டால் உள்ளே ஒன்றுமே இல்லாத கூடாக இருக்கும். பில்லோடு வாங்குங்கள். இரண்டு பிளேஞ்சுக்கும் புதுக் கேஸ்கெட், ரப்பர் ஹேங்கர் வெடித்திருந்தால் அதுவும். ஆக்சிஜன் சென்சாரின் மரையில் மட்டும் ஆன்ட்டி-சீஸ் தடவுங்கள், முனையில் பட்டால் சென்சார் கெடும். எம்18 மரைக்கு 40 முதல் 45 நியூட்டன்-மீட்டர் இறுக்கம். எண் பொறிப்பது, பெயின்ட் அடிப்பது இரண்டையும் பாகம் மேஜையில் இருக்கும்போதே முடித்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். கயிறு கோக்கிற வேலையும் வண்டி ராம்ப்பில் நிற்கும் அதே நாளில்.